மோவுத்துக்காரனின் குதிரை

பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் திருவிழாக் கடைகளில் தோரணம் போலத் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, மதுரைவீரன் கதை ஆகியவற்றின் நடுவே ‘தேசிங்குராஜன் கதை’யும் தவறாமல் இருக்கும். நம் வீடுகளிலும் அது நுழைந்திருந்தது. நூறு மசாலாவும் பெண்புத்தி மாலையும் அடுக்கியிருந்த அலமாரியிலேயே தேசிங்கின் கதையும் கிடந்ததை மூத்த வாசகர்கள் சிலரேனும் நினைவு கூர்வர். இந்து அரசன் ஒருவனின் கதைக்கு முஸ்லிம் வீட்டு அலமாரியில் என்ன வேலை என்று அன்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், “அதிலேதான் நம்முடைய மோவுத்துக்காரன் வருகிறானே!” என்று பாட்டிமார் பதில் சொல்லியிருப்பார்கள்.

மோவுத்துக்காரன் என்பது நாட்டார் நாவில் உருமாறிய பெயர். மகபத்கான் என்பதே அந்த வீரனின் இயற்பெயர். தேசிங்கின் உயிர்த்தோழன்; தளபதி. கதைப்பாடலில் இருவருக்கும் இரண்டு குதிரைகள். தேசிங்கின் குதிரை பாராசாரி. மகபத்கானின் குதிரை நீலவேணி. பின்னாளில் கதை சொல்லியவர்கள் பெயர்களை மாற்றி, நீலவேணியையே தேசிங்கின் குதிரையாக்கிவிட்டதும் உண்டு. அரசனின் புகழ் தோழனின் குதிரையையும் இழுத்துக் கொண்டுவிட்டது போலும்!

வரலாறு இந்தக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறது. செஞ்சிக் கோட்டையை 1677ல் சிவாஜி கைப்பற்றினார். பிறகு ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் ஏறத்தாழ எட்டாண்டுகள் முற்றுகையிட்டு, 1698ல் அதனை முகலாயர் வசமாக்கினார். அடுத்து அக்கோட்டையின் பொறுப்பு புந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்த சொரூப்சிங் என்ற இராசபுத்திரரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1714ல் அவர் இறந்ததும், மகன் தேஜ்சிங் தந்தையின் உரிமையை நாடி வந்து கோட்டையை ஏற்றுக்கொண்டார். தமிழர் வாயில் ‘தேசிங்கு’ ஆனவர் இவரே. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் தந்தை செலுத்தாமல் விட்ட கப்பப் பாக்கியைக் கேட்டார். தேசிங்கு மறுத்தார். 1714 அக்டோபர் 3ஆம் நாள் போர் மூண்டது. இருபத்திரண்டு வயது கூட நிரம்பாதவர் என்று சொல்லப்படும் அந்த இளைஞர் களத்தில் மாண்டார். மகபத்கானும் அதே நாளில் மாண்டார். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாகவே இராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் ஏற்பட்டது என்பது வழிவழிச் செய்தி.

ஓராண்டு கூட நிறையாத ஆட்சி. வென்ற நிலமும் இல்லை. வெட்டிய ஏரியும் இல்லை. கப்பப் பாக்கி பற்றிய ஒரு தகராறு, அரைநாள் சண்டை, அவ்வளவுதான். முந்நூறு ஆண்டுகளாகத் தமிழ்நாடு இதை ஏன் பாடிக்கொண்டிருக்கிறது? என் எண்ணத்தில், பாடியவர்கள் அரசனைப் பாடவில்லை. இரண்டு தோழர்களையும் இரண்டு குதிரைகளையும் பாடினார்கள். இதை நான் சொல்லக் காரணம் பாட்டிலேயே இருக்கிறது.

பாட்டு தில்லியில் தொடங்குகிறது. பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத குதிரை ஒன்று வந்து சேர்கிறது. அதை அடக்க முயன்று தோற்ற தேசிங்கின் தந்தை சிறையில் வாடுகிறார். (வரலாறு சொரூப்சிங் என்று கூறும் தந்தைக்குப் பாட்டு வேறு பெயர் வைத்திருக்கிறது.) சிறுவன் தேசிங்கு தில்லிக்குப் போய், அந்தக் குதிரையின் மீது ஏறி அடக்கித் தந்தையை மீட்கிறான். குதிரையையே பரிசாகப் பெற்றுத் திரும்புகிறான். அந்தக் குதிரையே பாராசாரி. ஆக, தேசிங்கு அரசனாகும் முன்பே குதிரைக்காரன் ஆகிவிட்டான்.

அடுத்து நம் உள்ளத்தைத் தொடும் பகுதி. ஆற்காட்டுப் படை வருகிறது. மகபத்கானோ அப்பொழுது வழுதாவூரில் மணமகனாக இருக்கிறான். பந்தல் போட்டாயிற்று, உற்றார் கூடியாயிற்று. தோழனிடமிருந்து செய்தி வருகிறது. மணக்கோலத்தோடு நீலவேணியின் மீது ஏறுகிறான். தடுப்போர் தடுத்தும் நிற்கவில்லை. செஞ்சிக்கு வந்து சேர்கிறான். பெருக்கெடுத்து ஓடும் ஆற்றைக் குதிரைகள் கடக்கின்றன. தேசிங்கு அரங்கநாதரை வணங்குகிறான். தோழன் அல்லாஹ்வைத் தொழுகிறான். ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடவில்லை. ஒருவரை மற்றவர் தம் வழிக்கு இழுக்கவும் இல்லை. பிறகு இருவரும் களம் புகுகிறார்கள்.

இக்காலத்தில் இந்தக் கதையை மேடையில் சொல்லும் சிலர் இதனை இந்து, முஸ்லிம் போராகவே சித்திரிப்பதைக் கேட்டு வேதனைப்பட்டிருக்கிறேன். தேசிங்கு இந்து, நவாபு முஸ்லிம் என்ற இரண்டு சொற்களோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. நவாபின் பக்கம் நின்று போரிட்ட இந்துப் பாளையக்காரர்களை என்ன செய்வது? தேசிங்கின் பக்கம் நின்று உயிர்விட்ட மகபத்கானை என்ன செய்வது? கணக்குக்கு ஒத்துவராதவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவது எளிய வழி. மகபத்கான் அப்படித்தான் மேடைகளிலிருந்து மெல்ல மெல்ல நீக்கப்படுகிறான். அவன் போனால் நீலவேணியும் போய்விடும்.

இதே நிலை இராஜஸ்தானத்திலும் உண்டு. 1576 ஜூன் மாதம் ஹல்திகாட்டி என்ற கணவாயில் மேவார் ராணா பிரதாப்சிங்குக்கும் அக்பரின் படைக்கும் போர் நடந்தது. அக்பரின் படையை நடத்தி வந்தவர் ஆம்பேர் நாட்டு இராசபுத்திரர் மான்சிங். ராணாவின் பக்கம் நின்று போரிட்டவர்களில் ஹகீம்கான் சூர் என்ற ஆப்கானிய முஸ்லிம் தளபதியும் ஒருவர். ராணாவின் குதிரை சேதக், காயம்பட்ட காலோடு தலைவனைச் சுமந்து வந்து உயிர்விட்டது என்பது அங்குள்ளோர் போற்றும் செய்தி. அது விழுந்ததாகக் கூறும் இடத்தில் இன்றும் நினைவு மண்டபம் நிற்கிறது. மக்கள் மாலை சூட்டுகிறார்கள். சேதக்கைத் தெரியாத பள்ளிப்பிள்ளை வடநாட்டில் இல்லை. ஹகீம்கான் சூரைத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அங்கே குதிரை பிழைத்துக்கொண்டது, தோழன் மறைந்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சிறு ஒற்றுமையையும் சொல்லிவிடுகிறேன். சேதக்கை அந்நாட்டுப் பாடகர் ‘நீலா’ என்றே பாடுவர். நீலம் பாய்ந்த சாம்பல் நிறக் குதிரையை இந்துஸ்தானி மொழியில் அப்படிச் சொல்வது வழக்கம். நீலவேணிக்கும் அந்த நிறம்தானோ என்னவோ!

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு செஞ்சி சென்றிருந்தேன். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில் இணைத்து ஓடுகிறது. இராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. நான் பாதியிலேயே அமர்ந்துவிட்டேன். என் துணைவியார் உச்சி வரை ஏறி வந்து, அதை இன்றளவும் சொல்லிக் காட்டுகிறார். என்னைக் கட்டி நிறுத்தியவை அடிவாரத்துக் குதிரை லாயங்கள். கல்யாண மகாலை ஒட்டி, வளைவு வளைவாக வரிசை பிடித்து நிற்கும் கல் அறைகள். குதிரைகள் போய் முந்நூறு ஆண்டுகள் ஆகியும் அந்த வளைவுகளின் அளவு குதிரையின் அளவாகவே இருக்கிறது. மனிதர் வாழ்ந்த மாளிகைகளில் பெரும்பாலானவை அடித்தளமாக மட்டுமே எஞ்சியிருக்க, லாயங்கள் கூரையோடு நிற்பதைக் கவனித்தேன்.

அந்தக் கோட்டைக்குள் இரண்டு பள்ளிவாசல்கள் உள்ளன. ஒன்று, வென்ற நவாபு சாதத்துல்லாகானின் பெயரால் 1717–18ல் எழுந்தது. பாரசீகக் கல்வெட்டு உடையது. மற்றொன்று மகபத்கானின் பெயரால் வழங்குவது. எதிரெதிரே நின்று போரிட்ட இருவரின் பெயரிலும் ஒரே கோட்டைக்குள் இரண்டு இறையில்லங்கள்! இரண்டும் ஒரே கிப்லாவை நோக்கியவை. அவற்றிற்கு அப்பால் வேங்கடரமணர் கோயில். இன்னும் சற்றுத் தள்ளிச் செட்டிகுளம். அதன் கரையில்தான் தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டதாகச் சொல்வர். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் செஞ்சிக் கோட்டை, மராத்தியர் படைக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மகிழத்தக்க செய்திதான். மராத்தியரோடு புந்தேலரும் நவாபும் மகபத்கானும் அந்த மண்ணுக்கு உரியவர்கள் என்பதை வழிகாட்டிகள் சேர்த்துச் சொன்னால் மேலும் மகிழ்வேன்.

செஞ்சியை அடுத்துக் கடலி, நீலாம்பூண்டிப் பக்கத்தில் மகபத்கானின் அடக்கத்தையும் குதிரையின் அடக்கத்தையும் அவ்வட்டாரத்தார் காட்டுகிறார்கள். மனிதனையும் அவன் குதிரையையும் அடுத்தடுத்து நினைவில் வைத்துக்கொண்ட கிராமத்தார் யாருடைய உறவினரும் அல்லர். வெற்றி பெற்றவனின் வீரர்களும் அல்லர். நெல்லும் கடலையும் பயிரிடும் எளிய மக்கள். மகபத்கானுக்குச் சந்ததி இருந்ததாகப் பாட்டு சொல்லவில்லை, மணம்தான் முடியவில்லையே. அவனுடைய நினைவுக்கு வாரிசாக வந்தவர்கள் வேறு சமயத்தவர்களான அந்த ஊரார்.

“குதிரைக்குச் சமாதியா? அதற்கு விளக்கா? இது என்ன கூத்து!” என்று நம் இளைஞர்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். கப்றுகளில் விளக்கேற்றுவதையும் நேர்ச்சை செய்வதையும் நம் ஆலிம்கள் கண்டித்தே வந்திருக்கிறார்கள். மனிதருடைய கப்றுக்கே அப்படி என்றால், விலங்கினுடையதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு குதிரையை நேசிப்பதும் அதன் பெயரை நினைவில் வைப்பதும் மார்க்கத்திற்கு அந்நியம் என்று கருதுவோர், நம் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

திருக்குர்ஆனின் நூறாவது அத்தியாயமாகிய ‘அல் ஆதியாத்’, மூச்சிரைக்க விரைந்தோடும் குதிரைகளின் மீது இறைவன் இட்ட ஆணையோடு தொடங்குகிறது. குதிரைகளின் முன்நெற்றி மயிரில் மறுமை நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டிருப்பதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை ஸஹீஹ் நூல்கள் பதிவு செய்துள்ளன. அண்ணலார் தம் மேலாடையால் ஒரு குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்டார்கள் என்ற செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வில் இருக்கிறது. காரணம் வினவப்பட்டபோது, குதிரைகளின் விஷயத்தில் தமக்கு இரவில் கண்டிப்புக் கூறப்பட்டதாக விடையளித்தார்கள். இந்த ஒரு செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். அரேபியா முழுவதும் எவருடைய சொல்லுக்குக் காத்திருந்ததோ, அவர்கள் ஒரு வாயில்லாப் பிராணியின் முகத்துத் தூசியைத் தம் ஆடையால் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்!

அண்ணலாரின் குதிரைகளுக்குப் பெயர்கள் இருந்தன. உஹதுப் போரில் அவர்கள் ஏறிச் சென்ற குதிரை ‘ஸக்ப்’. எகிப்தின் ஆட்சியாளர் முகவ்கிஸ் அன்பளிப்பாக அனுப்பியது ‘துல்துல்’. நம் ஊர்களில் துல்துல் என்றதும் குதிரை என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அது உண்மையில் கோவேறு கழுதை. முஹர்ரம் ஊர்வலக் குதிரைக்கும் மக்கள் அந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள். கர்பலாக் களத்தில் இமாம் ஹுசைன் (ரலி) அவர்களைச் சுமந்த குதிரைக்கு வழங்கும் பெயர் ‘துல்ஜனாஹ்’. சிறகுடையது என்று பொருள். ஹிஜ்ரி 61 முஹர்ரம் பத்தாம் நாள், அதாவது கி.பி. 680 அக்டோபரில், ஆளில்லாத சேணத்தோடு அது கூடாரத்திற்குத் திரும்பியதாக ஷியா மரபு கூறும். இலக்னோவில் இன்றும் ஆண்டுதோறும் அந்த நினைவில், குருதிக் கறை தோய்த்த வெள்ளைத் துணி போர்த்தி, மேலே யாரும் ஏறாத குதிரை ஒன்றை ஊர்வலமாக நடத்திச் செல்கிறார்கள். அந்த வழக்கம் நம்முடையது அன்று. அதை இங்கே பரிந்துரைக்கவும் நான் வரவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழப்பின் அளவை மக்களுக்கு உணர்த்த அம்மரபு தேர்ந்தெடுத்தது வெறும் சேணத்தை. தஞ்சைக்கு அருகே காசவளநாடு புதூரில் இந்து மக்கள் தாமே முன்னின்று முஹர்ரம் நாளில் பஞ்சா எடுக்கிறார்கள். துக்கம் எந்த வாசல் வழியாக யாருடைய வீட்டுக்குள் நுழையும் என்று நாம் வரையறுத்துவிட முடியாது.

இவ்வளவும் நான் எழுத நேர்ந்தது ஒரு பதினாறாம் நாள் காரியத்தால்.

நாங்கள் இருப்பது நல்லூர். 2011ல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த பகுதி. இங்குள்ள லைன் வீடுகளில் எந்த மாவட்டத்துக்காரர் இல்லை என்று கேட்கலாம். மதுரை, தேனி, திருவாரூர், விழுப்புரம், இப்பொழுது பீகார், ஒடிசா வரை. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வந்தவர்கள். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிச் செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஊரில் தெருக்கூத்தில் பின்பாட்டுப் பாடியவர். மழை பொய்த்த ஆண்டு ஒன்றில் இங்கே வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் சேர்ந்தவர், பிறகு திரும்பிப் போகவே இல்லை. மின்சாரம் போன இரவுகளில் லைன் வீட்டு வாசலில் அமர்ந்து தேசிங்கு பாட்டுப் பாடுவார். நீலாம்பூண்டிக் குதிரையைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவர் அவரே. என்னைக் கண்டால், “வாங்க மோவுத்துக்காரரே!” என்பார். பதிலுக்கு நான், “ராஜா எங்கே புறப்பாடு?” என்பேன். அவர் டீக்கடைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

அவர் காலமானார். அவர்கள் ஊர்ப்பக்கத்து வழக்கப்படி காரியத்தன்று இரவு கர்ணமோட்சம் கூத்து நடத்துவார்கள். கர்ணன் வீழும் கதை, இறந்தவருக்கு நற்கதி தரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவருடைய மனைவியோ, “அவருக்குக் கர்ணன் வேண்டாம், தேசிங்கு பாடட்டும்” என்று சொல்லிவிட்டார். ஊரிலிருந்து ஒரு பாடகரும் மிருதங்கக்காரரும் ஆர்மோனியக்காரரும் பேருந்தில் வந்து இறங்கினார்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஆகவே கதையைச் சுருக்கலாம் என்று உறவினர் சிலர் பேசினர். எதைச் சுருக்குவது? வழுதாவூர்க் கல்யாணத்தைத் தள்ளிவிடலாம் என்றார் ஒருவர். நேரம் மிச்சமாகும் என்பது சொல்லிய காரணம். “துக்க வீட்டிலே எதுக்கு அந்தக் கதை?” என்று இன்னொருவர் தாழ்ந்த குரலில் சொன்னதும் என் காதில் விழுந்தது, பக்கத்தில் நான் நிற்பதை அவர் அறியவில்லை.

எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? தெருமுனையில் நம் இளைஞர் இருவர் என்னை நிறுத்தினர். “மாமா, காரிய வீட்டில் போய் உட்காரலாமா? அதிலும் குதிரைக்குச் சமாதி கட்டிக் கும்பிடுகிற கதை. நீங்களே போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்றனர். அவர்களுடைய பேணுதலை நான் மதிக்கிறேன். “சடங்கில் எனக்கு இடமில்லை, அதில் நான் சேரவும் மாட்டேன். அண்டை வீட்டார் துக்கத்தில் போய் உட்காருவதற்கு எனக்கு இடம் உண்டு. அண்டை வீட்டாரை வாரிசுகளாகவே ஆக்கிவிடுவாரோ என்று எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் தமக்கு வலியுறுத்தினார்கள் என்று நபிகளார் (ஸல்) கூறியிருக்கிறார்கள். பாட்டில் வருகிற மோவுத்துக்காரன் நம் ஆள். அவனுக்காக அங்கே நம்மில் ஒருவரும் இல்லை என்று ஆகக்கூடாது” என்றேன். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை.

வாசலில் ஒரு நாற்காலியில் அமர்ந்தேன். என் துணைவியார் பெண்களோடு உள்ளே இருந்தார். கல்யாணப் பகுதியைத் தள்ளுவது பற்றிய பேச்சு அந்த அம்மையாரின் காதுக்கு எட்டியிருக்கிறது. அவர் எழுந்து வாசலுக்கு வந்தார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. பாடகரைப் பார்த்து, “மோவுத்துக்காரன் கல்யாணத்தை விட்டுட்டா அவன் எதை விட்டுட்டு வந்தான்னு எப்படித் தெரியும்? சும்மா வந்தவனா அவன்? அவரு ஒருநாளும் அதைத் தள்ளிப் பாடினதில்லை. மைக்கு வேண்டாம். தொண்டையிலே பாடுங்க. கேக்கறவங்க கிட்டே வந்து உக்காரட்டும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “பாய், நீங்க போயிடாதீங்க. நீலவேணி வர்ற வரைக்கும் இருங்க” என்றார்.

நாற்காலிகளை நெருக்கிப் போட்டார்கள். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். அதன்பின் வெறுங்குரல்தான். தெருவில் ஓவர்லாக் எந்திரங்களின் இரைச்சல் ஒரு வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. யாரோ போய்ச் சொல்ல, அதுவும் நின்றது. பாடகர் வழுதாவூர்ப் பந்தலைப் பாடினார். செய்தி வந்ததைப் பாடினார். “என்னைவிடத் தோழன் பெரிதா?” என்று மணப்பெண் கேட்பது போல ஒரு விருத்தம் வந்தது. அது அச்சுப் புத்தகத்தில் உண்டா என்று எனக்கு ஐயம். அவராகவே சேர்த்ததாக இருக்கலாம். அந்த இடத்தில் உள்ளே பெண்கள் விம்மும் ஒலி கேட்டது. முஸ்லிம் மாப்பிள்ளைக்காக அழுதவர்களில் ஒருவர்கூட, என் துணைவியாரைத் தவிர, முஸ்லிம் இல்லை. கதையைச் சுருக்கச் சொன்ன உறவினர் தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரலில் பேசியவர் யாரென்று நான் தேடவில்லை.

நீலவேணி ஆற்றில் இறங்கியபோது மிருதங்கம் குளம்பொலியாக மாறியது. அதுவரை தூங்கி வழிந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். தெருமுனையில் என்னை நிறுத்திய இளைஞரில் ஒருவர், அந்த ஒன்றும் சொல்லாதவர், கேட்டுக்கு வெளியே இரு சக்கர வண்டியின் மீது சாய்ந்து நின்றுகொண்டிருந்ததை அப்பொழுதுதான் பார்த்தேன். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. போர்க்களம் தொடங்கும் வேளையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை ஓசையின்றித் தள்ளிக்கொண்டே போய்த் தெருமுனையில் கிளப்பினார். அவருக்கு இரவு ஷிப்டு.

மறுநாள் காலை ஃபஜ்ருத் தொழுகை முடிந்து டீக்கடையில் நின்றேன். வேலை முடிந்து வந்தவர் என்னைக் கண்டு வண்டியை நிறுத்தினார். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி.

“மாமா, அந்தக் குதிரை பிழைத்ததா?” என்றார்.

“இல்லை” என்றேன். “இரண்டுமே பிழைக்கவில்லை. நீலவேணியை மகபத்கானுக்குப் பக்கத்திலேயே அடக்கினார்கள் என்று சொல்கிறார்கள்.”

“யார் அடக்கினார்கள்?”

“அந்த ஊர்க்காரர்கள்.”

அவர் சிறிது நேரம் நின்றார். பிறகு, “பெரியவர் வீட்டில் நாற்காலியெல்லாம் எடுத்துப் போடணுமே, ஆள் இருக்கிறார்களா?” என்று கேட்டுவிட்டு, தேநீர் கூடக் குடிக்காமல் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.